30 சென்டில் தோட்டம், கோழி, பாட்டிலில் அடைத்த காய்: எது நடக்கும், எது நடக்காது

பிறகு வந்து படிப்பவர்களுக்காக உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வேலை பார்க்கும் தம்பதி, இரண்டு குழந்தைகள். தாராபுரம் பக்கம் அப்பா வழியில் வந்த 30 சென்ட் பூமி, ஒரு போர்வெல், ஒரு ஓட்டு வீடு. அமெரிக்கக் குடும்பங்கள் கொல்லையில் காய் போட்டு, கோழி வளர்த்து, விளைந்ததையெல்லாம் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து அலமாரி நிறைய வைத்துக்கொள்ளும் வீடியோக்களைப் பார்த்திருக்கிறீர்கள். அதே மாதிரி நாமும் வாழ முடியுமா, எவ்வளவு இடம் வேண்டும், எத்தனை கோழி வேண்டும், எந்த பாட்டில் வாங்குவது என்று கேட்கிறீர்கள். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: போன மாதம் பீன்ஸையும் பச்சைப் பட்டாணியையும் உப்புத் தண்ணீரோடு பாட்டிலில் போட்டு, வீட்டு பிரஷர் குக்கரில் நாலு விசில் விட்டு எடுத்து வைத்திருக்கிறோம், மூடி நன்றாக இறுகிவிட்டது. கடையை எவ்வளவு தூரம் நம்பாமல் ஒரு குடும்பம் சாப்பிட முடியும் என்பதுதான் உங்கள் அடிப்படைக் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நடு வரிக்கு முதலில் வருகிறேன், அது காத்திருக்கக் கூடியது இல்லை.

அந்த பாட்டில்களைத் திறக்காதீர்கள், ருசி பார்க்காதீர்கள். இறுக்கமாக மூடியிருக்கும் பாட்டில்களை அப்படியே இரண்டு கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். மூடி உப்பியதோ கசிவதோ இருந்தால் கையுறை போட்டு எடுத்து, ஒரு பெரிய பாத்திரத்தில் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கவைத்து, மூடி போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு அப்புறம் போடுங்கள். வீணாகிறதே என்று ஊரில் கோழிக்கோ நாய்க்கோ கொட்டிவிட வேண்டாம். கோழிக்கும் இதே நஞ்சால் நோய் வரும். கழுத்து துவண்டு, தலையைத் தூக்க முடியாமல் சாகும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் உணவு அறிவியல் படித்தவள். ஒரு பழச்சாறு ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். அதன்பின் 12 வருடமாக உடுமலைப்பேட்டைக்கு அருகே 40 சென்டில் கணவர், அத்தை, பிள்ளைகளோடு தோட்டமும் கோழியுமாக இருக்கிறேன். பதப்படுத்துவது பற்றிச் சொல்வதைப் படிப்பின் பலத்தில் சொல்கிறேன். தோட்டம் பற்றிச் சொல்வது எங்கள் பூமியின் அனுபவம்; உங்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் அது மாறும். கோழி நோயைப் பொறுத்தவரை நான் கால்நடை மருத்துவர் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

சரி, பீன்ஸில் என்ன ஆபத்து? மண்ணில் எங்கும் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா. அதன் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் சாகாதவை. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். காய்கறியை பாட்டிலில் போட்டுக் காற்றை வெளியேற்றி இறுக மூடும்போது அதற்கு வேண்டிய வீட்டை நாமே கட்டிக் கொடுக்கிறோம். மூடி இறுகியிருப்பது இங்கே நல்ல சகுனம் இல்லை. நாற்றம் வர வேண்டும் என்றோ நிறம் மாற வேண்டும் என்றோ கட்டாயமில்லை. பெரும்பாலும் சாப்பிட்ட 12 முதல் 36 மணி நேரத்துக்குள் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லான்காஸ்டர் என்ற ஊரில், ஒரு தேவாலயத்தில் கூடிச் சாப்பிட்டவர்களில் 29 பேருக்கு இந்த நோய் வந்தது, ஒருவர் இறந்தார். உருளைக்கிழங்கு சாலட்தான் காரணம். அந்தக் கிழங்கு வீட்டில் பாட்டிலில் அடைக்கப்பட்டது. அழுத்தத்தில் வேகவைக்காமல் வெறும் கொதிநீரில் வைத்து எடுத்திருந்தார்கள். இப்படி பாட்டிலில் அடைத்துச் சூடாக்கி மூடுவதைத்தான் கேனிங் என்கிறார்கள். பரம்பரையாக கேனிங் செய்யும் நாட்டிலேயே இப்படி நடக்கிறது.

குக்கரில்தானே வைத்தோம், அதில் 100 டிகிரிக்கு மேல் சூடு ஏறுமே என்று கேட்பீர்கள். ஏறும். நம் குக்கர் வெயிட் சுமார் 15 பவுண்டு அழுத்தத்தில் தூக்கும், அப்போது உள்ளே ஏறத்தாழ 121 டிகிரி. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. விசில் என்பது கடிகாரம் இல்லை. பாட்டிலின் நடு மையத்தில் இருக்கும் பீன்ஸுக்கு அந்தச் சூடு போய்ச் சேர்ந்து, போதுமான நேரம் நிற்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறை வெளியிட்டிருக்கும் நேர அட்டவணைகள், ஒரு லிட்டர் அளவு பாட்டில் குறைந்தது நான்கு நிற்கும் பெரிய கேனர் பாத்திரங்களை (கேனிங்குக்கென்றே செய்த அழுத்தப் பாத்திரம்) வைத்துச் சோதித்தவை. அவை மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். அந்த ஏறும் நேரமும் ஆறும் நேரமும் கணக்கில் சேர்ந்தவை. நம் ஐந்து லிட்டர் குக்கர் சட்டென்று ஏறி சட்டென்று இறங்கிவிடும். அதனால் சிறிய குக்கர்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள், மின்சாரக் குக்கருக்கும் இதே பேச்சுதான். ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன்: கேனரில் அரை லிட்டர் பாட்டில் பீன்ஸுக்கு ஆயிரம் அடி உயரத்துக்குள் 10 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம், ஆயிரம் அடிக்கு மேல் 15 பவுண்டு. சாம்பார், பருப்பு, குழம்பு ஆகியவற்றையும் கேட்டிருந்தீர்கள். இவற்றுக்குச் சோதித்த அட்டவணை எதையும் நான் கண்டதில்லை. வெந்த பருப்பு கூழாக இருப்பதால் சூடு நடுவே போவது தாமதமாகும். அரைத்த பூசணிக் கூழை பாட்டிலில் அடைக்க வேண்டாம் என்று அவர்கள் எச்சரிப்பதும் இதே காரணத்தால்தான். வீடியோவில் யாராவது சாம்பாரை அடைத்துக் காட்டினால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்படியென்றால் கேனிங்கே வேண்டாமா? வேண்டும், புளிப்பான பொருளுக்கு மட்டும். புளிப்பை அளக்கும் எண் பி.எச்., அது குறையக் குறையப் புளிப்பு கூடும். பி.எச். 4.6-க்குக் கீழே அந்த வித்துகள் முளைக்காது, ஆகவே கொதிநீரே போதும். தக்காளி இந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் பழம். ரகத்தைப் பொறுத்து, பழுத்த அளவைப் பொறுத்து, இந்தப் பக்கமும் விழும் அந்தப் பக்கமும் விழும். அதனால் புளிப்பைக் கூட்டியே ஆக வேண்டும். நான் செய்வது இப்படி. தக்காளியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்து, நசுக்கி, ஐந்து நிமிடம் கொதிக்கவிடுவேன். அரை லிட்டர் பாட்டில் ஒவ்வொன்றிலும் கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட், ஒரு லிட்டர் என்றால் அரை டீஸ்பூன். எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றுவதில்லை, ஒவ்வொரு பழத்துக்கும் புளிப்பு மாறும். சூடாகவே ஊற்றி, மேலே அரை அங்குலம் இடம் விட்டு மூடி, பாட்டிலுக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கும் பாத்திரத்தில், நன்றாகக் கொதி வந்த பிறகு நேரம் பார்க்க ஆரம்பிப்பேன். அரை லிட்டருக்கு ஆயிரம் அடி உயரத்துக்குள் இருக்கும் ஊர்களில் 35 நிமிடம். உடுமலை, கோவை அதற்கு மேலே இருப்பதால் எங்களுக்கு 40. ஊட்டி, கொடைக்கானலில் 50, ஏனென்றால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதில் வெங்காயமோ பூண்டோ எண்ணெயோ சேர்க்கக் கூடாது, சேர்த்தால் கணக்கு மாறிவிடும். முதல் வருடம் ஆசிட் போடாமல் எட்டு பாட்டில் செய்தேன். படித்த படிப்பையெல்லாம் மறந்துவிட்டு, நாட்டுத் தக்காளி புளிக்கும்தானே என்ற நினைப்பு. மூன்றாவது வாரம் இரண்டு பாட்டிலில் நுரை கட்டியது. எட்டையும் தூக்கிப் போட்டேன்.

தக்காளிக்கு இவ்வளவு மெனக்கெடலாம், தப்பில்லை. எங்கள் பக்கம் சில மாதங்களில் சந்தையில் விலை போகாமல் ரோட்டோரம் கொட்டுவார்கள். 2023 ஜூலையில் அதே தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அன்னாசி, கொய்யா ஜெல்லி, திராட்சை ஜாம் எல்லாம் இந்த முறைக்கு ஒத்துவரும். பப்பாளியைப் பழம்தானே என்று நினைத்து அப்படியே அடைத்துவிடாதீர்கள், இனிப்பு இருக்கிறதே தவிரப் புளிப்பு இல்லை. பாட்டிலைப் பொறுத்தவரை, அலங்காரத்துக்கென்று கைப்பிடி வைத்து விற்கும் ஜாடிகள் பல கொதிநீரைத் தாங்காது. ஜாம் வந்த பழைய பாட்டிலை ஒருமுறை பயன்படுத்திய மூடியோடு திரும்ப ஓட்டுவதும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் புது மூடி போடக்கூடிய தடித்த கண்ணாடி பாட்டில் இருபது இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். இருநூறு தேவையில்லை.

ஏன் இருபது போதும் என்கிறேன்? அந்த வீடியோக்களில் அலமாரி நிறைய பாட்டில் இருப்பதற்குக் காரணம் குளிர்காலம். அங்கே பல மாநிலங்களில் மே மாதம் நட்டு செப்டம்பர், அக்டோபருக்குள் எடுத்துவிட வேண்டும். உறைபனி விழுந்தபின் ஐந்தாறு மாதம் தோட்டத்தில் ஒன்றும் கிடையாது. கோடையில் விளைந்ததைச் சிறைபிடித்து வைத்தால்தான் பனிக்காலத்தில் தட்டில் காய் விழும். பிரான்ஸில் நிக்கோலா அப்பேர் 1810-இல் பாட்டிலில் அடைக்கும் முறையை வெளியிட்டதும், அமெரிக்காவில் ஜான் மேசன் 1858-இல் திருகுமூடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கியதும் அப்படிப்பட்ட பருவம் உள்ள நாடுகளில். தாராபுரத்தில் உறைபனி எங்கே விழப்போகிறது? நமக்கு வருடத்தில் கை வறளும் காலம் இரண்டு: சித்திரை வைகாசியில் தண்ணீர் இல்லாமல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழையில் செடி அழுகி. இரண்டும் சேர்ந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் போகாது. அந்த மூன்று மாதத்துக்காக அலமாரி கட்டுவதைவிட, மீதி ஒன்பது மாதமும் தோட்டம் ஓயாமல் காய்க்கும்படி விதைப்பைப் பிரித்துப் போடுவதுதான் நம் ஊர்ப் பண்ணையம். உங்கள் திட்டத்தில் நான் மாற்றச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

அந்த மூன்று மாதத்துக்கும் நம்மிடம் வழி உண்டு. அத்தை இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து செய்துவருவதைத்தான் நான் ஆய்வகக் கண்ணோடு பார்க்கக் கற்றுக்கொண்டேன். அவர் வெயிலையும் உப்பையும் புளிப்பையும் வைத்துத் தண்ணீரைக் கட்டிப்போடுகிறார். அவ்வளவுதான் சூத்திரம். கொத்தவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி, பாகல், கத்தரி எல்லாம் மாசி பங்குனி வெயிலில் வற்றலாகும். மிளகாயை மோரில் ஊறவைத்துப் பகலில் காயவைத்து இரவில் அதே மோரில் போட்டு, நாலைந்து நாள் இப்படியே. காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரே சோதனை: முறித்தால் சட்டென்று உடைய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு வெயில். வளைகிற வற்றலை டப்பாவில் போட்டால் ஆவணிக்குள் பூசணம் பூக்கும். நார்த்தங்காயை உப்பில் போட்டது வருடக்கணக்கில் இருக்கும். உப்பு பத்து சதவீதத்தைத் தாண்டினால் நான் மேலே சொன்ன பாக்டீரியாவும் வளராது, அத்தையின் கைப்பிடி உப்பு அதைத் தாண்டித்தான் இருக்கும். இப்போது ரத்த அழுத்தத்துக்குப் பயந்து பாதி உப்பில் ஊறுகாய் போடுகிறார்கள். போடலாம், ஆனால் அது ஃபிரிட்ஜில் இருக்க வேண்டிய பண்டம், ஜாடியில் இல்லை. தக்காளித் தொக்கும் அப்படியே. ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன்: உரித்த பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு அடுப்பு மேடையில் வைக்கும் புதுப் பழக்கம் வேண்டாம். எண்ணெய் காற்றை அடைத்துவிடும், புளிப்பும் இல்லை, பீன்ஸ் கதைதான். புளியோ எலுமிச்சையோ சேர்த்து உப்புப் போட்ட பூண்டு ஊறுகாய் வேறு.

எதுவுமே செய்யாமல் இருக்கும் காய்களும் உண்டு. முற்றிய அரசாணிக்காயும் (மஞ்சள் பூசணி) சாம்பல் பூசணியும் காம்போடு பறித்துக் காற்றோட்டமாக வைத்தால் மூன்று நான்கு மாதம் அசையாது. சின்ன வெங்காயத்துக்கு உங்கள் ஊர்ப் பக்கமே காற்றோட்டமாகச் சேமித்து வைக்கும் பட்டறை போடுவார்கள், போய்ப் பாருங்கள். வீட்டுத் தேவைக்கு அதன் குட்டி உருவம் ஒன்றை மூங்கில் தட்டி வைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

இனி தோட்டம். ஒருவர் நாளுக்கு 350 கிராம் காய் கீரை சாப்பிட்டால் நான்கு பேருக்கு 1.4 கிலோ, வருடத்துக்கு 500 கிலோ. எங்கள் வீட்டில் இதற்கு 5 சென்ட் ஒதுக்கியிருக்கிறோம். உருளை, கேரட், பெரிய வெங்காயம் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் அதிலிருந்தே வந்துவிடுகிறது. முதல் இரண்டு வருடம் இப்படி வரவில்லை, அப்போது பாதிகூடத் தேறவில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் 30 சென்டில் எடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், அவை கடையில்தான். ஆகவே 30 சென்ட் முழுவதையும் உழ வேண்டாம். 5 சென்ட் காய், வேலியோரம் முருங்கை, பப்பாளி, எலுமிச்சை, கறிவேப்பிலை, பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் வாழை, மீதி கோழி மேயவும் மரம் வளரவும். முருங்கையில் பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 விதை போட்டால் ஆறேழு மாதத்தில் காய் பார்க்கலாம். நாட்டு முருங்கைதான் ருசி என்பார் அத்தை. அது கம்பு ஊன்றி வருவது, பொறுமை வேண்டும்.

முதலில் போட வேண்டிய கணக்கு தண்ணீர். 5 சென்ட் என்பது சுமார் 200 சதுர மீட்டர், நடைபாதை போக 120 சதுர மீட்டர் செடி. கோடையில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 4, 5 லிட்டர் என்று வைத்தாலும் 500, 600 லிட்டர் ஆகிறது. போர்வெல் சித்திரையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேளுங்கள், உங்கள் அப்பாவின் ஞாபகத்தை நம்ப வேண்டாம். சொட்டுநீர் போட்டு, மண்ணைக் காய்ந்த இலைதழையால் மூடி மூடாக்கு இட்டால் தேவை நன்றாகக் குறையும். ஆடிப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, மிளகாய், கொடிக்காய்கள். மழை விட்டதும் தைப்பட்டம். அவரைக்குப் பனி வேண்டும், அதை ஆடியிலேயே ஊன்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கீரையை மட்டும் பட்டம் பார்க்காமல் பத்து நாளுக்கு ஒரு பாத்தி தெளித்துக்கொண்டே இருங்கள். எல்லாப் பாத்தியிலும் ஒரே நாளில் வெண்டை ஊன்றினால், ஒரு மாதம் வெண்டைக்காயாகவே தின்று வீட்டில் சண்டை வரும். சொந்த அனுபவம்.

பூச்சியைவிட எங்களைப் பாடாய்ப் படுத்துவது மயில். விதைத்த மறுநாளே வந்து நிலக்கடலையை எண்ணி எண்ணித் தோண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை, கல்லெறியக்கூட யோசிக்க வேண்டும். நாற்றுப் பாத்திக்கு வலை போடுவது ஒன்றுதான் எங்களுக்குப் பலித்தது. மினுமினுக்கும் ரிப்பனுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. உங்கள் சொந்தக் கோழிகளும் மயிலுக்கு இளைத்தவை இல்லை. தோட்டத்தையும் கோழியையும் ஒன்றாக விட்டால் நாற்றெல்லாம் கிளறிப் போய்விடும். அறுவடை முடிந்த பாத்தியில் மட்டும் விடுங்கள், புழு பூச்சியைப் பொறுக்கி மண்ணையும் கிண்டிக் கொடுக்கும். கோழி எச்சத்தைப் பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். இலைதழையோடு சேர்த்து மூன்று மாதம் மக்க வைத்தபின் போடுங்கள், கீரைப் பாத்திக்கு அதிலும் கவனம் தேவை.

எத்தனை கோழி என்பது நீங்கள் முட்டைக்கு வளர்க்கிறீர்களா, கறிக்கா என்பதைப் பொறுத்தது. மேய விட்ட நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்குப் படுத்துவிடும். வருடத்துக்கு 60, 80 முட்டை கிடைத்தால் நல்ல கோழி. நான்கு பேருக்கு நாளுக்கு ஒரு முட்டை என்றால் வருடத்துக்கு 1,460. பத்து நாட்டுக்கோழியால் அதில் பாதிதான் வரும், அதிலும் குஞ்சுக்கு வைத்தது போக மிச்சம் குறைவு. முட்டைதான் குறி என்றால், ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற ரகத்தில் ஏழு எட்டு பெட்டை போதும். நன்றாகத் தீவனம் வைத்தால் ஒன்று வருடத்துக்கு 200 வாக்கில் இடும். பொதுவாக அடைக்குப் படுக்காது, ஆகவே குஞ்சு வேண்டுமானால் திரும்பவும் வாங்க வேண்டும். நான் வைத்திருப்பது இரண்டும் கலந்து: அந்த ரகம் ஆறு, சிறுவிடை என்ற சிறிய நாட்டுக்கோழிப் பெட்டை நாலு, சேவல் ஒன்று. சிறுவிடையை அடை வைப்பதற்காகவே வைத்திருக்கிறேன், அதைப்போல் குஞ்சு காக்கும் தாய் இல்லை. முட்டைக் கோழி ஒன்று நாளுக்கு 100 கிராம் தின்னும். பத்துக் கோழிக்கு வருடத்துக்கு 365 கிலோ. மேய்ச்சல் இருந்தால் அதில் ஒரு பங்கு குறையும். அதை உங்கள் ஊர்த் தீவன விலையால் பெருக்கிப் பாருங்கள். சொந்த முட்டை நாமக்கல் முட்டையைவிட மலிவாக வராது. குஞ்சுக்கு மட்டும் செலவில்லாத தீவனம் ஒன்று உண்டு: பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள மண்ணில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானையைத் திருப்பினால் குஞ்சுகள் உங்கள் காலைச் சுற்றி வரும்.

பெரிய இழப்பு நோயில்தான். வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். 1920களில் இந்தியாவில் அது கண்டறியப்பட்ட மலையூரின் பெயர். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, கழுத்து முறுக்கி, ஒரு கொட்டகையையே காலி செய்துவிடும். எங்கள் முதல் வருடத்தில், சந்தையில் ஆசைப்பட்டு ஒரு பெட்டையை வாங்கி அன்றே மற்றவற்றோடு விட்டேன். ஒரு வாரத்தில் முப்பதில் இருபத்து மூன்று போயிற்று. வந்தபின் மருந்து இல்லை, தடுப்பு மட்டும்தான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காவது வாரத்தில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி என்பது வழக்கமான வரிசை. கால்நடை மருந்தகத்தில் உங்கள் பகுதிக்கு என்ன நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் அரசே ஊர் ஊராக இலவச முகாம் நடத்தும். குப்பி ஒன்று நூறு கோழிக்கு வரும், திறந்தால் வைத்திருக்க முடியாது. எனவே அக்கம்பக்கத்து வீடுகளையும் சேர்த்து ஒரே நாளில் போடுங்கள். அவர்கள் கோழிக்குப் போட்டால்தான் உங்கள் கோழிக்கும் பாதுகாப்பு. புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியாகக் கட்டிப்போட்டபின் சேருங்கள்.

கீரி, மரநாய், தெருநாய், சாரைப் பாம்பு, வல்லூறு என்று அடுத்த வரிசை. ராத்திரிக் கூண்டுக்குக் கோழிவலை போதாது, அரை அங்குல வெல்டு மெஷ் போடுங்கள். தரையிலும் போடுங்கள், கீரி தோண்டிக்கொண்டு வரும். சித்திரையில் அடை வைக்காதீர்கள், பாதி கூமுட்டையாகும். அந்த வெயிலில் சேவலோடு இருக்கும் பெட்டையின் முட்டை வெளியில் வைத்தாலே உள்ளே கரு அசைய ஆரம்பிக்கும், அதனால் சாப்பிடுகிற முட்டைக்குச் சேவல் இல்லாத கூட்டமே நல்லது. பாட்டிலில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி முட்டையை மாதக்கணக்கில் வைக்கும் வீடியோவையும் அனுப்பியிருந்தீர்கள். நம் வெக்கையில் நான் அதைச் செய்ய மாட்டேன். முட்டை மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், அவர்கள் கீரை கொடுப்பார்கள்.

குழந்தைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் பெண் ஐந்து வயதில் சேவலுக்கு ரஜினி என்று பெயர் வைத்தாள். அந்தச் சேவல் கிழமாகித் தானாகத்தான் செத்தது. கறிக்கு வளர்ப்பதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்று முன்பே பேசிவிடுங்கள்.

வேலை எவ்வளவு என்றால், எங்களுக்கு மூன்று பெரியவர்கள் சேர்ந்து நாளுக்கு மூன்று மணி நேரம் போகிறது. அதைவிடச் சுமை, விட்டுவிட்டு எங்கும் போக முடியாதது. ஒரு கல்யாணத்துக்குப் போனால் இருட்டுவதற்குள் கூண்டைச் சாத்த ஆள் வேண்டும். நீங்கள் இருவரும் சென்னை வேலையை வைத்துக்கொண்டு சனி ஞாயிறு மட்டும் வருவதாக இருந்தால் கோழி வேண்டாம், முருங்கையும் எலுமிச்சையும் வையுங்கள். குடியேறுவதாக இருந்தால் முதல் வருடம் வேலி, சொட்டுநீர், 2 சென்ட் காய், அவ்வளவே. இரண்டாவது ஆடிக்கு 5 சென்ட் ஆக்குங்கள், கூண்டு கட்டி ஆறு கோழி விடுங்கள். பாட்டிலை மூன்றாவது வருடம், உங்கள் செடியில் தக்காளி தின்று தீராமல் காய்த்த பிறகு வாங்கலாம். அதற்குள் சிட்ரிக் ஆசிட் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள். எங்கள் ஊரில் பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கிறது.